யானை திரும்பியது

பட்டத்து யானையைக் கன்றிலிருந்து வளர்த்தவன் சாத்தன். அவனுக்கு வயதாகிக் கால்விரல்கள் மரத்துப்போனதும், அரண்மனை அந்த யானையை எழுவன் என்ற இளம் பாகனிடம் ஒப்படைத்தது. சாத்தனுக்குப் படைக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஒருநாள் எழுவனின் கழுத்தடியை மோந்தபடி யானை கண்மூடி நின்றதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மிருகந்தானே அண்ணே. கவளம் குடுக்கிறவன் பக்கம் சாயும்," என்றான் எழுவன் பரிவாக. அந்தப் பரிவு சாத்தனை இன்னும் எரித்தது.

போர் நாளன்று மன்னர் அந்த யானைமேல் இருந்தார். எதிரிப்படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. எழுவன் யானையின் காதுக்குப் பின்னால் கால்விரலால் அழுத்த, அது எதிரிகளை நெட்டித் தள்ளி முன்னேறியது. பின்னால் தோல்பையோடு நின்ற சாத்தனின் கண்ணில் வெற்றி படவில்லை. எழுவனின் கால்விரல்தான் பட்டது. கைகளை வாயருகே குவித்து, "கன்னே! என் கன்னே, வாடா!" என்று கத்தினான்.

யானை நின்றது. எழுவன் அங்குசத்தால் குத்தியும் கேட்காமல் பின்னால் திரும்பியது. மன்னரே புறமுதுகு காட்டிவிட்டார் என்று எண்ணி அவர் படை கலைந்து ஓடியது. கொடிகள் சாய்ந்தன. பல தலைமுறை ஆண்ட குலம் அந்த உச்சிவெயிலில் முடிந்துபோனது.

ஓடுகிறவர்களை விலக்கிக்கொண்டு யானை சாத்தன் முன்னால் வந்து நின்றது.

"நாடே போச்சே அண்ணே!" என்று மேலிருந்து அலறினான் எழுவன்.

சாத்தன் அண்ணாந்து பார்த்தான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"என்கிட்டதான் வந்துச்சு, பாத்தியா?"