தொட்டிலில் கட்டிய போன்

"என்னம்மா இது, தொட்டில்ல போனைக் கட்டித் தொங்க விட்டிருக்கே?"

ஒருக்களித்திருந்த கதவைத் தள்ளி உள்ளே வந்த நாத்தனார், உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பும் கையுமாக ஓடி வந்தாள். செல்போன் சர்வீஸ் கடையில் அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. கணவன் லேத் பட்டறையில் காலை ஷிப்ட் முடித்து வந்ததும், பாப்பாவை அவனிடம் விட்டுவிட்டுப் போவாள்.

"பழைய போன் அண்ணி. சும்மா கிடந்துச்சேன்னு ரூட் பண்ணி வச்சிருக்கேன்."

"என்ன பண்ணி?"

"கம்பெனிக்காரன் போட்ட பூட்டைத் திறந்துட்டா, போன் முழுக்க நம்ம சொல் பேச்சு கேக்கும். நாலு வரி கட்டளை, ஸ்கிரிப்ட்னு சொல்வாங்க, எழுதி விட்டா போதும். அது பாட்டுக்கு அந்த வேலையைச் செஞ்சுக்கிட்டே இருக்கும்."

"என் தம்பி மாதிரின்னு சொல்லு."

அவள் சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"இப்ப இது என்ன வேலை செய்யுது?"

"பாப்பா அழுதா தெரியும்."

"யாருக்கு?"

அவள் சீப்பில் சிக்கிய முடியை எடுத்தாள்.

"உனக்கா? கடையில உக்காந்துக்கிட்டே, என் தம்பி பிள்ளையைப் பாக்குறானா தூங்குறானான்னு வேவு பாக்குறியா?"

வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். சமையலறைப் பக்கம் பார்த்தாள். கணவன் முதுகைக் காட்டிக்கொண்டு பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஆமா அண்ணி. எனக்குத்தான் மனசு கேக்கல."

"நல்லா இருக்குடி நியாயம்! பெத்த அப்பனை நம்ப மாட்டா, உடைஞ்ச போனை நம்புவா! இவ்வளவு கத்துறேன், அவன் திரும்பிக்கூடப் பாக்கல பாரு. அந்த அளவுக்கு அடக்கி வச்சிருக்கே. இன்னைக்கே அம்மாகிட்ட சொல்றேன். இப்படிச் சந்தேகப்பட்டுக்கிட்டு நீ வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும். வீட்டுல உக்காந்து பிள்ளையைப் பாரு."

அவளுக்குக் கண் கலங்கியது. செத்துப்போன போனைத் திறந்து உயிர் கொடுக்கிற வேலை. அதை விட்டுவிட அவளுக்கு மனசில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். சொல்லவில்லை.

நாத்தனார் அந்தக் கறுப்புத் திரையை விரலால் தள்ளி மூடினாள்; ஓடிய எழுத்துகள் மறைந்தன. போனை வெடுக்கென்று அவிழ்த்து அவள் கையில் திணித்தாள்.

தொட்டில் ஆடிய ஆட்டத்தில் பாப்பா முழித்துக்கொண்டு வீலென்று அழுதது.

"டேய், பிள்ளை அழுதுடா!"

கணவன் திரும்பவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். திருப்தியில்லாமல் இன்னொரு தடவை கழுவினான். ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"டேய்! உன்னைத்தான்டா!"

அவள் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, இன்னொரு கையால் அவசர அவசரமாகத் திரையைத் திறந்து ஒரு வரி தட்டினாள்.

சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த அவனுடைய போனில் டார்ச் பளிச் பளிச்சென்று மின்னியது.

அவன் சட்டென்று திரும்பினான்.

"அடடே, என் ராஜாத்தி எழுந்துட்டாளா!" ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். "அக்கா! நீ எப்ப வந்தே? சத்தமே இல்லாம வந்து நிக்கிறே!"

பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டான்.

நாத்தனார் அலமாரியில் இருந்த அவனுடைய போனைப் பார்த்தாள்.

"எத்தனை நாளாடி?" குரல் இறங்கிப் போயிருந்தது.

"தெரியல அண்ணி. பட்டறைச் சத்தம்தான் காதைக் கெடுத்திருக்கு. அவரும் சொல்லல, நானும் கேக்கல. லைட்டு சும்மா விளையாட்டுக்குப் போட்டதுன்னு அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். மெதுவாப் பேசித்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். நீங்களும் கேட்டுடாதீங்க, சங்கடப்படுவார்."

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு கைப்பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள்.

"இதுலயும் அந்த ஸ்கிரிப்டைப் போட்டுக் குடு. நான் கூப்பிட்டா எங்க வீட்டுக்காரர் போன்ல லைட் எரியணும்."

"அவருக்கு எதுக்கு அண்ணி?"

"அவருக்கும் அதே பட்டறைதானே? நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். இத்தனை வருஷமா அதைத் திமிருன்னுல்லடி நினைச்சுக்கிட்டிருந்தேன்!"