தொட்டுவிட்டு உள்ளே வா

மலேசியா வந்த இரண்டாம் நாள். ஹோட்டல் அறைக்குள் நுழையுமுன், ஐந்து வயது சுகிர்தா கதவின் இரும்புப் பிடியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள். கூட வந்த சித்தியின் பிள்ளைகளும் வரிசையில் நின்று அப்படியே செய்தார்கள்.

“என்ன வெளையாட்டோ, நேத்துலயிருந்து இப்பிடித்தான்” என்று சித்தி சிரித்தாள்.

சுகிர்தாவின் அப்பா ஜெயச்சந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாரணாபுரத்தில் அவருடைய பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் செம்புத் தகட்டை இப்படித்தான் தொடுவார்கள். சுகிர்தா அங்கே போனதே கிடையாது.

“யாரும்மா சொல்லிக் குடுத்தா?”

“பொன்னுத்தங்கம் அக்கா. ப்ளேன்ல எம் பக்கத்துலதான உக்காந்து வந்தாக.”

அவர் எல்லோரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அந்த மருந்து அறை வெடித்ததில் செத்த தொழிலாளி பொன்னுத்தங்கத்துக்கு ஊரில் இன்று பதினாறாம் நாள் காரியம். அங்கே முகம் காட்ட முடியாமல்தான் குடும்பத்தோடு கிளம்பி வந்திருந்தார்.

“இப்ப... எங்கன இருக்காக?”

“வெளியதான் நிக்காக. நான் கூப்பிட்டா வர மாட்டாகளாம். அன்னைக்குத் தகடு கழண்டு கெடந்தப்ப, ‘பரவால்ல, உள்ள போ’ன்னு நீங்கதான் சொன்னீகளாம். இன்னைக்கும் நீங்களே சொல்லணுமாம்ப்பா.”