பென்சில் போடாத ஆடு

ஓவியர் வேதமுத்துவின் மேசையில் பென்சிலக்காவுக்குப் பரம்பரை வேலை. நாற்பது வருஷமாக முதல் கோடு அவள் வம்சத்தார் போடுவதுதான். அதன்மேல் பேனா மை ஓட்டும். பிறகு ரப்பர் தம்பி வந்து பென்சில் கோட்டை அழித்துவிடுவான்.

அன்று வேதமுத்து வெறும் தாளில் நேரே பேனாவை வைத்துவிட்டார்.

"உன் பிழைப்பு போச்சுக்கா!" என்று ரப்பர் சிரித்தான்.

அவளுக்கு அது காதிலேயே விழவில்லை. "கடவுளே, மையை அழிக்க முடியாதே, கை தவறிடக் கூடாதே" என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

கை தயங்கவேயில்லை. கொம்பில் தொடங்கி வால்வரை ஒரே இழுப்பு. ஆடு துள்ளிக்கொண்டு நின்றது.

பென்சில் நிமிர்ந்தாள். "அந்தக் கழுத்து வளைவைப் பார்த்தியாடா? எங்க வீட்டு வளைவு! தாளில் இருந்ததை நீ அழிச்சே, சரி. அவர் கையில் இருந்ததை அழிக்க முடிஞ்சுதா?"