பேராசிரியரின் தகர டப்பா

பூங்கொடி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

மாட்டிவிட்டது கார்த்தி. புத்தக அலமாரியில் போனைச் சாத்தி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். பத்தொன்பது வினாடி வீடியோ. அதில் பூங்கொடி தகர டப்பாவைத் திறக்கிறாள், கையை உள்ளே விடுகிறாள், வெளியே எடுக்கிறாள், மூடியை அழுத்தி மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொள்கிறாள்.

டப்பாவில் இருப்பது கஞ்சா. பேராசிரியர் அப்பாசாமியுடையது.

அப்பாசாமி ஓய்வு பெற்ற கணிதப் பேராசிரியர். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த வீட்டில் தனியாக இருக்கிறார். பதினோரு வருஷம் ஒரே கணக்கோடு மல்லுக்கட்டி, போன வருஷம் ஆடி மாதம் அதை முடித்தார். உலகத்தில் அந்தக் கணக்கு புரிந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். நாற்பது பேரும் பாராட்டி எழுதினார்கள்.

எப்படி முடிந்தது என்று கேட்டவர்களிடம் அவர் டப்பாவைக் காட்டினார். பெரிய மூளைக்காரர்கள் எல்லாருக்குமே ஏதோ ஓர் இலையோ பொடியோ துணை இருந்திருக்கிறது என்பது அவர் கட்சி. அவர் சாமி கும்பிட மாட்டார். அந்த வீட்டின் பூஜை மாடத்தில் டப்பாதான் இருந்தது.

கார்த்தி அவரிடம் ஆராய்ச்சி செய்கிறவன். மூன்று வருஷமாக இரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிறான்.

டப்பா சீக்கிரம் காலியாகிறது என்று அப்பாசாமிக்குப் போன மாதமே சந்தேகம். கார்த்தியைக் கேட்டார். அம்மா மேல் சத்தியமாக அந்தப் பக்கமே போனதில்லை என்றான். மிச்சம் இருந்தது வீட்டு வேலை செய்யும் பூங்கொடிதான்.

போலீசுக்கும் போக முடியாது. கஞ்சா களவு போய்விட்டது என்று எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? அதனால் விசாரணை ஹாலிலேயே நடந்தது.

"யாருக்கும்மா கொண்டு போய்க் கொடுக்கறே?" என்றார் அப்பாசாமி.

"நான் எதையும் எடுக்கல சார்."

கார்த்தி வீடியோவை மூன்று முறை போட்டுக் காட்டினான். அதில் புடவை ரொம்ப வெளுத்துத் தெரிகிறது என்று மட்டும் சொன்னாள் பூங்கொடி.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் அப்பாசாமி. ஏழு வருஷ வேலை. பூங்கொடி பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"சார், சனிக்கிழமை பேச்சுல டப்பாவைப் பத்தி எந்த இடத்துல சொல்றீங்க, முதல்லயா, கடைசியிலயா?" என்று கார்த்தி கேட்டது காதில் விழுந்தது.

பூங்கொடி நின்றாள். என்ன பேச்சு என்று கேட்டாள்.

கார்த்தி பெருமையாகவே சொன்னான். படூரில் ஒரு கல்லூரி. அறுநூறு பிள்ளைகள். 'என் மூளையைத் திறந்த சாவி' என்பது தலைப்பு. சார் எதையும் ஒளிக்காமல் பேசப்போகிறார்.

அந்தக் கல்லூரியில்தான் பூங்கொடியின் மகள் துர்காதேவி கணிதம் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சீட் வாங்கிக் கொடுத்ததே அப்பாசாமிதான். அவர் சொன்னால் அவளுக்கு அதுதான் வேதவாக்கு.

பூங்கொடி பையைக் கீழே வைத்தாள்.

"சார், எம் பொண்ணும் அங்க குந்திகினு கேக்கும். இத மட்டும் சொல்லாதீங்க."

"உண்மையைத்தானே சொல்றேன்?"

"இல்ல சார். நான் டப்பாவுலேர்ந்து எடுக்கல. டப்பாவுல போட்டேன்."

பைக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே காய்ந்து நொறுங்கிய துளசி. சாயங்காலங்களில் பெருமாள் கோயில் வாசலில் அவள் மாலை கட்டி விற்கிறாள். விற்காத துளசி மாலைகளை வீட்டு மாடியில் காயவைத்து உதிர்த்துக்கொள்வாளாம். கஞ்சா விற்கும் ஆல்வின் கொண்டுவந்து கொடுக்கும் பொட்டலத்தைப் பின்வாசலில் வாங்குவதும் அவள்தான். அது நேராகக் கக்கூஸுக்குப் போய்விடும்.

"எதுக்கும்மா இப்படிப் பண்ணே?"

"ஒரு நாளு இத இழுத்துட்டு, பால அடுப்புல வெச்சிட்டு, வெளிய போய் கடல் அலைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகினு இருந்தீங்க. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சி வூடு பூரா கேஸு. நான் வந்ததால பொழச்சீங்க. வேணாம் சார்னு சொன்னா கேக்கற ஆளா நீங்க? அதான் கொஞ்சம் கொஞ்சமா கலந்தேன். அப்பால முழுசா துளசிதான்."

அப்பாசாமி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். இப்போதெல்லாம் சரக்கு நல்ல மணமாக வருகிறது என்று ஆல்வினைப் பாராட்டியது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆல்வினும் அடக்கமாக நன்றி சொல்லியிருந்தான்.

"அப்போ இத்தனை மாசமா நான் இழுத்தது?" என்றான் கார்த்தி. சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

அப்பாசாமி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம். இப்போது அவருக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"முழுசா துளசின்னா, எப்பலேர்ந்து?" என்றார்.

பூங்கொடி விரல் விட்டு எண்ணினாள்.

"போன வருஷம் மாசி மகத்துலேர்ந்து சார். கணக்கு முடிஞ்சிடுச்சின்னு ஆடியில எனக்கு லட்டு குடுத்தீங்களே, அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி."