ஒட்டிய உறை

என் வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கியிருக்கிறது. வெடித்தால் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்றார்கள். இதற்கு எது நல்லதென்று ஆஸ்பத்திரியில் நடத்துகிற ஆராய்ச்சியில் நானும் சேர்ந்தேன். சேர்ந்தவர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேரைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்களாம். எனக்கு எதுவென்று ஒட்டிய உறைக்குள் இருந்தது.

“ஏம்மா, எது நல்லதுன்னு உனக்கே தெரியாதா?” என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

“தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்குங்கய்யா?”

“அப்போ நான் செத்தாத்தான் தெரியுமா?”

அந்தம்மா உறையைக் கிழித்துப் படித்தார்.

“உங்களுக்கு ஆபரேஷன் இல்லீங்கய்யா. ஆறு மாசம் கழிச்சு ஸ்கேனுக்கு வாங்க. கனமா எதையும் தூக்காதீங்க, முக்காதீங்க.”

தலையாட்டினேன். சட்டையின் கடைசிப் பொத்தான், குழாய் துடிக்கிற துடிப்புக்கு எழும்பி எழும்பி அடங்கியது. தொண்டையில் இருமல் கிளம்பியது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.