ஒப்பிட்டுப் பார்க்க

நவமணிக்குத் திரும்பிப் படுத்தாலே அறை முழுக்கச் சுழன்றது. ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் தலைசுற்றலைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டு, கணவர் புவனேஸ்வரன் செபராங் ஜெயாவிலுள்ள வீட்டிலிருந்து அவளைக் காரில் அழைத்து வந்தார்.

“ஒப்பிட்டுப் பார்க்க, நல்லா இருக்கிறவங்களும் எங்களுக்கு வேணும். அங்கிள், நீங்களும் டெஸ்ட் எடுத்துக்கிறீங்களா?” என்று டாக்டர் தாட்சாயினி கேட்டார்.

“எடுங்க லா, எனக்கென்ன!” என்று சிரித்தார் புவனேஸ்வரன்.

அடுத்த வாரம் டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார்.

“ஒரு காது கேட்கிறது குறைஞ்சிருக்கு. உள்ளே நரம்புல சின்னக் கட்டி இருக்கலாமோன்னு சந்தேகமா இருக்கு. உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்.”

புவனேஸ்வரன் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதே மணி. என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்.”

டாக்டர் தயங்கினார்.

“ஆன்ட்டிக்குப் பெரிசா ஒண்ணும் இல்ல அங்கிள். தலையைத் திருப்பிச் செய்யற பயிற்சியிலேயே சரியாயிடும். நான் சொன்னது உங்களைப் பத்தி.”

புவனேஸ்வரனின் பிடி தளர்ந்தது. நவமணிதான் அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஸ்கேனை இன்னிக்கே எடுத்துடலாமா டாக்டர்?” என்று கேட்டாள்.