பாட்டுத் திரையும் சுக்கானும்

"போட்டை இப்ப எடுக்கக் கூடாது, சேட்டா."

மட்டாஞ்சேரி படகுத்துறையில் கயிற்றை அவிழ்க்கப் போன தங்கதுரை நிமிர்ந்தார். படகு அவருடையது. நாற்பது சுற்றுலாப் பயணிகள் கரையில் காத்திருந்தார்கள். எதிரே மடிக்கணினியோடு ஓர் இளம்பெண்.

"யாரும்மா நீ?"

"உங்க போட்டுக்கு கம்ப்யூட்டர் வச்சுக் கொடுத்த கம்பெனியிலேர்ந்து வர்றேன். சுக்கானும், பாட்டு ஓடற திரையும் ஒரே பிராசஸர்லதான் ஓடறது. ஒண்ணோட மெமரியை இன்னொண்ணு தொடாம இருக்க, ஹைப்பர்வைசர்னு ஒரு காவல் உண்டு. யார் எதைத் தொடலாம்னு அதுக்குச் சொல்ற பேஜ் டேபிள்ல ஒரு வரி தப்பு. நேத்துதான் கண்ணுல பட்டது."

"ஆறு மாசமா ஓடுது, ஒரு குழப்பமும் இல்ல. கம்ப்யூட்டரைப் போட்டுல வைக்கறதுக்கு முன்னாடியே உங்க இன்ஜினியர் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சு!"

"அந்தக் கையெழுத்தை நம்பாதீங்க."

பதிலுக்குக் காத்திராமல் படகில் ஏறினாள். பாட்டுத் திரையை வேண்டுமென்றே உறைய வைத்தாள்.

"இப்ப ஸ்டீயரிங்கைத் திருப்புங்க."

திருப்பினார். பின்னால் சுக்கான் அசையவே இல்லை. வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் கப்பல் எதிரே வரும்போது இப்படி ஆகியிருந்தால்? தங்கதுரை ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"ஒரு மணி நேரம் கொடுங்க" என்றாள்.

தப்பான வரியைத் திருத்தி, படகின் கணினியை மறுபடி இயக்கினாள். கணினி எழவே இல்லை; திரை கறுத்துக் கிடந்தது. மறுபடி முயன்றாள். அதே கறுப்பு. கரையில் முணுமுணுப்பு. இரண்டு குடும்பங்கள் வேறு படகைத் தேடிப் போயின.

"இன்னிக்கு ட்ரிப்பை நிறுத்திடறேன். நாளைக்குப் பார்த்துக்கலாம், விடும்மா."

"முடிக்காம இறங்க மாட்டேன்."

இந்த முறை முழு டேபிளையும் அழித்தாள். ஒவ்வொரு முகவரியாகச் சரிபார்த்து, முதல் வரியிலிருந்து எழுதினாள். கணினி எழுந்தது. பாட்டுத் திரையை மறுபடி உறைய வைத்தாள். தங்கதுரை ஸ்டீயரிங்கைத் திருப்பினார். சுக்கான் சொன்னபடி திரும்பியது.

அவருடைய பயம் கோபமாக மாறியது. போனை எடுத்தார்.

"கம்பெனிக்குப் புகார் எழுதப் போறேன். கையெழுத்துப் போட்ட அந்த இன்ஜினியர் பேரைச் சொல்லு. கூட வேலை பார்க்கறவங்கன்னு மறைக்காதே."

"மறைக்க மாட்டேன். சுபாஷிணி வெங்கிடாசலம்."

ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

"வேலையை விட்டே தூக்கச் சொல்றேன். கண்டுபிடிச்சு சரி பண்ணினது நீன்னும் எழுதறேன். உன் பேரு?"

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"அதே பேருதான், சேட்டா."